நுண்ணுயிர் நாட்டின் கதை – 11: முள் தைத்த கால்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையை விட்டு இறங்கி மானாவாரிக் காட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் போதும், முள் தேடி வந்து தைக்கும். உடைமுள் வெள்ளை வெளேரென்று ஊசிபோல் நீண்டிருக்கும். கருவேல முள்ளும் அதற்கு இளைத்ததல்ல. வேலிக்காத்தான் முள் தைத்தால் அந்த இடம் இரண்டு நாளைக்குக் கடுக்கும். அந்தக் காலத்துச் சம்சாரி இடுப்புக் கயிற்றில் முள்வாங்கி இல்லாமல் காட்டுக்குப் போகமாட்டார். காதுக்குரும்பி எடுக்கும் குட்டிக் கரண்டியும் அதே வளையத்தில் தொங்கும். வரப்பில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் தூக்கிவைத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, முள்ளை நெம்பி எறிந்துவிட்டு மறுபடி ஏர் பிடிக்கப் போய்விடுவார். நுனி முறிந்து உள்ளே தங்கிவிட்டால் இருக்கவே இருக்கிறது எருக்கம்பால். நாலு நாளில் பழுத்து வெளியே வந்துவிடும் என்பார்கள். பெரும்பாலும் வந்தும் விடும்.

சில முட்கள் மட்டும் தனியாக இறங்குவதில்லை. மண்ணில் கிடக்கும் சில உயிர்களையும் கூட்டிக்கொண்டு தோலுக்கு அடியில் போகின்றன. முள்ளை எடுத்துவிடலாம், கூட வந்தவை தங்கிவிடும். சென்ற வாரம் பயறு வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பார்த்தோம். இந்த வாரம், மனிதக் காலில் முடிச்சுப் போடும் கூட்டம்.

முதலில் தெரிவது பாதத்தில் ஒரு சிறு கட்டி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வேலை வெட்டிக்குப் போகிறவர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கமாட்டார். மாதங்கள் போகும், சில சமயம் வருஷங்களே போகும். கட்டி பெருத்து, பாதம் முழுக்க வீங்கி, மேலெல்லாம் மேடும் பள்ளமுமாகும். அங்கங்கே சிறு வாய்கள் திறந்து சீழ் கசியும்; ஒன்று மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். புண் புரையோடிவிட்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்தச் சீழை விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று குருணை தட்டுப்படும். சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை அல்லது மஞ்சள், சிலருக்குச் சிவப்பு. இந்த நோயின் முத்திரையே அந்தக் குருணைதான். ஒவ்வொரு குருணையும் லட்சக்கணக்கான இழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு குடியிருப்பு. வெளியே கெட்டியான பூச்சு. உள்ளே மருந்தும் எளிதில் புகாது, உடம்பின் காவல் அணுக்களும் புகமுடியாது. கடைசியில் எலும்பை அரிக்கத் தொடங்கும். அப்போதும் பெரிய வலி இருக்காது என்பதுதான் கொடுமை. வலித்திருந்தால் அந்த மனிதர் முதல் வருஷமே வைத்தியரிடம் போயிருப்பார்.

யானைக்காலோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. யானைக்கால் கொசு கொண்டுவரும் புழுவால் வருவது. நிணநீர்ப் பாதை அடைபட்டு வீங்குவது. அதில் குருணை கிடையாது.

1842-ல் மதுரையில் பணிபுரிந்த ஆங்கிலேய மருத்துவர் கில், இப்படி வீங்கிப் புரையோடிய பாதங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். நவீன மருத்துவ ஏடுகளில் இந்த நோய் தெளிவாக ஏறியது அப்போதுதான். 1846-ல் காட்ஃப்ரே என்ற மருத்துவர், இதுவரை யாரும் விவரிக்காத பாத நோய் என்று லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். அதே ஆண்டில் மதுரையில் கோல்புரூக் இதற்கு 'மதுரா ஃபுட்' என்ற பெயரை எழுத்தில் ஏற்றினார். மீனாட்சிக்கும் மல்லிகைக்கும் பெயர்போன ஊர், உலக மருத்துவப் புத்தகத்தில் ஒரு அழுகிய பாதத்தின் பெயராக நுழைந்தது இப்படித்தான். அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம் காலை எடுப்பது. ஈதர் கொடுத்து மயக்கி அறுக்கும் முறையை பாஸ்டனில் ஊரறியச் செய்து காட்டியதே 1846 அக்டோபரில்தான். அதற்கு முன் மதுரையில் கால் எடுக்கப்பட்டவர்கள் முழு நினைவோடு மேசையில் கிடந்தார்கள் என்று பொருள்.

நோயைக் கண்டாயிற்று. காரணம்?

இங்கே கதைக்குள் வருகிறவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் தலையணை கனத்துக்கு வைத்திருக்கும் 'கிரேஸ் அனாட்டமி' புத்தகத்தை அறியாதவர் இருக்க முடியாது. 1858-ல் அதன் முதல் பதிப்பு வந்தபோது உள்ளே இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் இந்தக் கார்ட்டர். புத்தகத்துக்குப் பெயர் கிரேயுடையது, விற்க விற்கப் பணமும் அவருக்கே. கார்ட்டருக்குக் கிடைத்தது மொத்தமாக 150 பவுண்டு. மனம் கசந்தோ என்னவோ, அதே ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய்க்குக் கப்பலேறினார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துக்கொண்டே, வெட்டி எடுக்கப்பட்ட பாதங்களை வாங்கிப் பிளந்து பார்த்தார். ஓவியரின் கண் அல்லவா? கறுப்புக் குருணை ஒரு வகை, வெளிறிய குருணை ஒரு வகை என்று பிரித்து, வண்ணத்தில் வரைந்தார். 1860-ல் இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று அறிவித்து 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். பாஸ்டரும் கோக்கும் கிருமிக் கொள்கையை நிலைநாட்டுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான் மனித நோய்க்குக் காரணம் என்று ஒருவர் பம்பாயில் உட்கார்ந்து சொன்னது சின்ன விஷயமல்ல.

ஆனால் ஆர்வக்கோளாறு யாரை விட்டது? பாதுகாத்து வைத்த பாதத்தின் மேல் ஒருநாள் இளஞ்சிவப்பாக ஒரு பூஞ்சை படர்ந்தது. இதுதான் குற்றவாளி என்று கார்ட்டர் நினைத்தார். இங்கிலாந்தின் பெரிய பூஞ்சை அறிஞர் பெர்க்லி, கார்ட்டரின் பெயரையே சூட்டி அதை ஒரு புது இனமாக அறிவித்தார். பின்னால் பார்த்தால், பழைய ரொட்டியில் பூசணம் பூப்பதுபோல வெளியிலிருந்து வந்து ஒட்டிய பூஞ்சை அது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1875-ல் கல்கத்தாவிலிருந்து லூயிஸ், கன்னிங்ஹாம் என்ற இருவர் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, பூஞ்சைதான் காரணம் என்பதே சந்தேகத்துக்குரியது என்று அறிக்கை எழுதினார்கள். கார்ட்டரின் சான்று தவறு. முடிவு பாதிக்கு மேல் சரி. அறிவியலில் இப்படியும் நடக்கும்.

அந்த மிச்சப் பாதியை முடிச்சவிழ்த்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயைச் சேர்ந்த பார்சி மருத்துவர் நுஸ்ஸர்வான்ஜி சர்வேயர். ரூபர்ட் பாய்ஸுடன் சேர்ந்து 1894-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை, மதுரா நோய்க்குக் காரணம் ஒன்றல்ல, ஒன்றுக்கு மேற்பட்டவை என்று காட்டியது. அதே 1894-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் வின்சென்ட், வெள்ளைக் குருணையிலிருந்து ஒரு நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்தார். நோயாளி வட ஆப்பிரிக்காவில் இருந்தாலும் நுண்ணுயிருக்கு அவர் வைத்த பெயரில் மதுரை வந்துவிட்டது: 'மதுரே'. 1905-ல் பிரம்ப்ட், கறுப்புக் குருணைப் பூஞ்சைக்கு 'மதுரெல்லா' என்று குலப்பெயர் வைத்தார்.

ஆக, ஒரே வீக்கம், ஒரே சீழ், ஆனால் குற்றவாளிகள் இரண்டு சாதி. ஒன்று உண்மையான பூஞ்சை. இன்னொன்று ஆக்டினோமைசீட் எனப்படும் பாக்டீரியா; பூஞ்சைபோல் இழை விட்டு, கிளை பிரிந்து, வித்து வைத்து வாழ்ந்தாலும் உள்ளுக்குள் சுத்தமான பாக்டீரியா. இந்த வேறுபாட்டில்தான் நோயாளியின் கால் இருக்கிறது. பூஞ்சைக்குத் தரும் மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குத் தரும் மருந்து பூஞ்சையை அசைக்காது.

இனி கரிசலுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் சிலர் இந்த நோயைப் பருத்தி விளையும் கறுப்பு மண்ணோடு இணைத்துப் பேசினார்கள். பெரிய ஆதாரம் அவர்களிடம் இல்லை. நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துச் சொன்னார்கள். முழுச் சரியில்லை. மெக்சிகோவிலும் செனகலிலும் சூடானிலும் வேறு வேறு மண்ணில் இந்த நோய் உண்டு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 15 பாகையிலிருந்து வடக்கே 30 பாகை வரை ஓடும் பட்டை ஒன்றை மைசெட்டோமா வளையம் என்கிறார்கள். 9 பாகையில் இருக்கும் கோவில்பட்டி அதற்குள்தான் வருகிறது. சில மாதம் மழை, பல மாதம் காய்ச்சல் என்ற வானிலைதான் பொதுவான அடையாளம். 2014-ல் சூடானை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, நோய் இருக்கும் இடமும் வேல மரங்கள் வளரும் இடமும் ஒத்துப்போவதாகக் காட்டியது. வேலமும் வறட்சியும் போதுமென்றால் நம் மானாவாரிக் காட்டுக்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் அந்தப் பழைய மருத்துவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கரிசல் மண்ணின் குணம் அப்படி. கறுப்பாக இருப்பதால் சத்து மண்டிக் கிடக்கிறது என்று நினைத்தால் ஏமாந்தோம். இயற்கைக் கரிமம் அதில் குறைவு. களிமண் அதிகம், சுண்ணாம்பு உண்டு, காரத்தன்மை உண்டு. ஐப்பசி மழையில் பசைபோல் இளகும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சாதாரண பாக்டீரியாக்கள் இந்த இழுபறியில் திணறிப்போகும். ஆக்டினோமைசீட்டுகள் அசராது. காரமண் அவற்றுக்குப் பிடிக்கும். வறட்சி வந்தால் வித்தாகி உறங்கும். மழை விழுந்தால் எழுந்துகொள்ளும்.

அந்த மண்ணில் வெறுங்காலோடு ஏன் நடந்தார்கள் என்ற கேள்வியைப் பெரும்பாலான மருத்துவ நூல்கள் 'வழக்கம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். ஈரக் கரிசலில் செருப்போடு நடந்து பார்த்தவருக்கு ஒரு காரணம் தெரியும். பத்தடி நடப்பதற்குள் மண் அப்பி அப்பி, செருப்பு கட்டைபோல் கனத்துவிடும். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. வறுமை இரண்டாவது காரணம். மூன்றாவதை யாரும் நோயியல் பாடத்தில் எழுதுவதில்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க அனுமதிக்கப்படாத சாதிகள் இந்த வட்டாரத்தில் இருந்தன. அவர்கள்தான் மற்றவர் காட்டில் அதிகம் உழைத்தவர்கள். நோயின் பெயரில் ஊர் இருக்கிறது, தப்பாகப் பிடித்த பூஞ்சையின் பெயரில்கூட ஒரு டாக்டர் இருக்கிறார். காலைக் கொடுத்தவர் எதிலும் இல்லை. லாரி டயரை அறுத்துச் செய்த டயர் செருப்பு சந்தைக்கு வந்தபோது, அது ஒரு பொதுச் சுகாதாரத் திட்டம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முள் அதைத் துளைப்பது கடினம்.

கோடைமழையின் முதல் தூறலில் காடு மணக்கிறதே, அந்த மண்வாசனைக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நெருங்கிய உறவு. 1965-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர், யூபர் லெஷெவாலியே என்ற இருவர், ஆக்டினோமைசீட்டுகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். ஒரு லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் ஐந்தாறு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 2020-ல் வந்த ஆய்வு ஒன்று, மண்ணுக்குள் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சிகள் இந்த மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்து பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளை உடம்பில் சுமந்து பரப்புகின்றன என்றது. மல்லிகை வண்டை அழைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே லெஷெவாலியேயும் கெர்பரும் 1970-ல் இன்னொரு வேலை செய்தார்கள். மதுரைக் கால் பாக்டீரியாவின் செல்லில் இருந்த விநோதச் சர்க்கரை ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பெயர் மதுரோஸ். லெஷெவாலியே தம் மனைவி மேரியுடன் சேர்ந்து அந்தப் பாக்டீரியாவைப் புதிய குலமாகப் பிரித்தார்: ஆக்டினோமதுரா. கில் காலத்து மதுரைச் சீழில் கிடந்த வெள்ளைக் குருணைக்கு நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து நியூஜெர்சியில் கிடைத்த பட்டயம் அது.

ரட்கர்ஸ் சாதாரண இடமல்ல. மருந்துத் தொழிலின் கருவறை என்றே சொல்லிவிடலாம். அங்கே செல்மன் வாக்ஸ்மன் மண்ணைச் சல்லடை போட்டு அலசிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் இடத்துக்கும் இரைக்கும் ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் ஆக்டினோமைசீட்டுகள் கக்கும் ரசாயனத்தை மனிதன் மருந்தாக்க முடியுமா என்பது அவர் கேள்வி. 1943 அக்டோபரில் அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் நிலவறை ஆய்வுக்கூடத்தில், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற ஆக்டினோமைசீட்டிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக் அது. 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ராயல்டிக்காக ஷாட்ஸ் வழக்குப் போட வேண்டி வந்தது. கார்ட்டர் உயிரோடு இருந்திருந்தால் ஷாட்ஸுக்கு ஓர் ஆறுதல் கடிதம் போட்டிருப்பார். 1949-ல் வாக்ஸ்மனும் நம் லெஷெவாலியேயும் நியோமைசினைக் கொண்டுவந்தார்கள். 1957-ல் ஜப்பானின் உமெசாவா இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து கானமைசின் எடுத்தார். அதைச் சற்றே மாற்றி 1972-ல் உருவாக்கப்பட்டது அமிகாசின்.

இந்தப் பட்டியலைச் சொல்லக் காரணம் உண்டு. மதுரைக் காலைக் காப்பாற்றியவை இவையே. 1970-களில் சூடானின் மஹ்கூப், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு டாப்சோன் அல்லது கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்துப் பாக்டீரியா வகை மதுரா நோயைக் குணப்படுத்திக் காட்டினார். 1980-களில் மெக்சிகோவின் ஒலிவேரியோ வெல்ஷ், அமிகாசினையும் கோட்ரைமாக்சசோலையும் சுற்றுச்சுற்றாகக் கொடுக்கும் முறையை வகுத்தார். டெல்லி எய்ம்ஸில் எம். ராமம் தலைமையிலான குழு, ஜென்டாமைசினை வைத்து நம் நாட்டுக்கு ஏற்ற முறையைத் தந்தது. காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை. ஆனாலும் கால் மிஞ்சுகிறது. மண்ணில் பிறந்த பாக்டீரியா அரித்த பாதத்தை, மண்ணில் பிறந்த அதன் பங்காளியிடமிருந்து வாங்கிய ஆயுதத்தால் மீட்கிறார்கள். பங்காளிச் சண்டையில் மூன்றாம் ஆளுக்கு ஆதாயம்.

பங்காளிகளைத் தொழிற்சாலையில் கட்டிப்போட்டு வேலை வாங்குவது தனிக் கலை. ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தட்டில் வளர்ப்பது எளிது. பல்லாயிரம் லிட்டர் தொட்டியில் வளர்ப்பது பெரும்பாடு. இழை விட்டு வளர்வதால் கரைசல் நாளாக ஆகக் கூழ்போல் கெட்டிப்படும். கெட்டிப்பட்டால் காற்று உள்ளே போகாது, காற்று போகாவிட்டால் மருந்து சுரக்காது. விடாமல் கிளறிக்கொண்டு, கிருமி நீக்கிய காற்றை அடியிலிருந்து குமிழியாக அனுப்பிக்கொண்டு, பொங்கும் நுரையை அடக்கிக்கொண்டு, சூட்டைத் தணித்துக்கொண்டு இரவு பகலாகக் காவலிருக்க வேண்டும். ஒரே ஒரு வெளிக் கிருமி புகுந்தால் தொட்டியே சாக்கடைக்கு.

சுதந்திர இந்தியா இதைக் கற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் புனேயை அடுத்த பிம்ப்ரி. உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் உருவானது. 1955-ல் பென்சிலின் வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எம்.ஜே. திருமலாச்சார், மைசூர்ச் சீமையில் பிறந்த பூஞ்சை அறிஞர். வெளிநாட்டு மருந்தை நகலெடுப்பதோடு அவர் நிற்கவில்லை. பிம்ப்ரி மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து 1961-ல் பூஞ்சைக்கொல்லி ஒன்றை எடுத்தார். ஆலையின் பெயரை ஒட்டி அதற்கு ஹேமைசின் என்று பெயர். பயிர்நோய்க்கென்று ஆரியோஃபங்கின் என்ற இன்னொன்றும் அதே கூடத்திலிருந்து வந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

மதுரை பெயர் தாங்கிய பாக்டீரியாவும் தொழிலில் சும்மா இருக்கவில்லை. 1991-ல் ஜப்பானிலிருந்த அமெரிக்க மருந்து நிறுவன ஆய்வாளர்கள் ஆக்டினோமதுரா மதுரேயின் ஒரு வகையிலிருந்து மதுரோபெப்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். புற்றணுக்களின் டிஎன்ஏவை நறுக்கும் வீரியம் அதற்கு உண்டு. மருந்துக் கடைக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதைவிடச் சந்தையில் வென்றது மதுராமைசின். அமெரிக்காவின் அரிசோனாவில் யூமா என்ற பாலைப் பகுதி மண்ணில் கிடைத்த ஆக்டினோமதுரா ஒன்றின் தயாரிப்பு இது. கறிக்கோழிக்கு வரும் ரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்க, தீவனத்தில் டன்னுக்கு வெறும் 5 கிராம் கலந்தால் போதும். கோழிப் பண்ணைக்கு மருந்து விற்கிறவர்கள் நாவில் 'மதுராமைசின்' சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அந்த முதல் மூன்றெழுத்து நம்ம ஊர் என்பதை எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ.

கோழிக்குக் கிடைத்த கவனம் காலுக்குக் கிடைத்ததா என்று கேட்டால் சங்கடமான பதில்தான். ஏழைச் சம்சாரியின் நோய்க்கு மருந்து தேடி நீண்ட காலம் எந்தப் பெரிய நிறுவனமும் முதல் போடவில்லை. காசநோய்க்கும் மற்றவற்றுக்கும் கண்டுபிடித்ததை இதற்குக் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான். யானைக்கால் நோய்க்காவது ஐவர்மெக்டின் வந்தது; அதுவும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸின் கொடை, 2015-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்ததே 2016-ல். மதுரையில் கில் எழுதி 174 ஆண்டுகளுக்குப் பிறகு.

தமிழ்நாட்டில் வேலை நடக்காமல் இல்லை. 1960-களில் வேலூரில் தென்னிந்திய மைசெட்டோமாவின் காரணிகளைப் பற்றிய ஆய்வு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தோல்நோய்த் துறையில் ஏ.எஸ். தம்பையாவும் ஏ. கமலமும் ஆண்டுக்கணக்கில் இந்தக் குருணைகளைச் சேகரித்து, இனம் பிரித்து, வெள்ளைக் குருணை ஆக்டினோமதுராவையும் சிவப்புக் குருணை தரும் அதன் உறவையும் விவரித்தார்கள். ராஜஸ்தானில் கறுப்புக் குருணைப் பூஞ்சை மிகுதி என்றால், தெற்கே பாக்டீரியா வகை கணிசம். மருந்துக்கு அடங்குவது பாக்டீரியா வகைதான் என்பதால், இது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம்.

அதிர்ஷ்டம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: வகையைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. புரையின் வாயை அழுத்தி, வரும் குருணையை உப்புநீரில் கழுவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். இழை ஒரு மைக்ரானுக்கும் மெல்லியதாக நூல்போல் தெரிந்தால் பாக்டீரியா. இரண்டு முதல் ஐந்து மைக்ரான் தடிமனாகக் குறுக்குச் சுவர்களோடு தெரிந்தால் பூஞ்சை. அரை மணி நேர வேலை. ஆனால் அதைப் பார்க்கத் தோன்ற வேண்டும். சர்க்கரைப் புண், எலும்புக் காசநோய், சாதாரணக் கட்டி என்று மாறி மாறி வைத்தியம் பார்த்து நாளைக் கடத்திவிட்டு, எலும்பு அரித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள்.

பூஞ்சை வகைக்குப் போராட்டம் நீள்கிறது. வருஷக்கணக்கில் இட்ராகோனசோல் மாத்திரை, அதோடு அறுவை. அப்படியும் திரும்ப வரும். 1991-ல் கார்ட்டூமில் அகமது ஃபஹல் தொடங்கிய மைசெட்டோமா ஆய்வு மையம்தான் உலகத்துக்கே இதில் வழிகாட்டியாக இருந்தது. ஜப்பானின் எய்சாய் நிறுவனம் உருவாக்கிய ஃபோஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை 2017 முதல் அங்கே சோதித்தார்கள். தினமும் விழுங்கும் இட்ராகோனசோலுக்குப் பதில் வாரம் ஒருமுறை போதும் என்ற நிலை கண்ணுக்குத் தெரிந்தது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. மையம் நாசமானது, பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த நோயாளிகளின் மாதிரிகள் போயின. ஃபஹலும் சகாக்களும் வெளியூர்களில் இருந்தபடி வேலையைத் தொடர்கிறார்கள்.

மண்ணின் பூஞ்சைகள் காலோடு நிற்பவை அல்ல. 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. துப்புத் துலக்கிக்கொண்டே போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் நிலக்கடலைப் பிண்ணாக்கு. கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி அந்தக் கதையைக் கவனமாகக் கேட்க வேண்டும். அடுத்த வாரம், ஆஃப்லடாக்சின்.

(தொடரும்)